ஈறில் வந்த ரத்தம்

நம் பழைய பள்ளிக்கூடத்துக்காரர்கள் எல்லாரும் கூடிய விருந்தில், சாப்பாடு முடிந்ததும் முறுக்குத் தட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் கை நீட்டவில்லை. ஒருவர் மேல்வரிசைப் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். இன்னொருவர் தம்முடையதைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். எல்லாரும் சிரித்தோம். நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"உனக்கு மட்டும் எப்படி இன்னும் இருக்கு? என்னா ரகசியம் லா?" என்று கேட்டீர்கள்.

வேப்பங்குச்சி என்று சொல்லிவிட்டேன். அது உண்மையில்லை. அத்தனை பேர் நடுவில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களில் சிலர் அந்த ரப்பர் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில்தான் இருந்தீர்கள். அந்த வருஷம் என்னைத் தினமும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் வந்திருக்க மாட்டீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. உங்கள் வீட்டிலும் வரக்கூடாது என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. ரப்பர் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை இடித்து, எல்லாரையும் ஆபீஸ் பக்கத்தில் ஒரே இடமாகக் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். ஒரே ஒரு கேட். காலையில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகிறவர்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிறவர்கள் கைக்குப் போய்விடும் என்று பயம். சாயங்காலம் ஊரடங்கு. எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தி, தக்காளிச் செடி, எலுமிச்சை மரம் எல்லாம் கம்பிக்கு வெளியே போய்விட்டன. கம்பி ஓரமாக நின்றால் ஆட்டுக்குடில் கூரை தெரியும். அங்கே போக முடியாது. அளந்து கொடுத்த அரிசியும் கருவாடும் டின் பாலும்தான் சாப்பாடு என்று ஆனது.

அந்த இடமாற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அம்மாவைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காசம். அவள் இருமி ரத்தம் துப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய பால் டின்னுக்குள் சாம்பல் போட்டு வைத்திருப்பாள். துப்பிவிட்டு மேலே இன்னும் கொஞ்சம் சாம்பல் தூவி மூடுவாள். அவள் போகிற நாளை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் புகை. அவள் பாய், இரண்டு கைலி, தலையணை எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவள் எனக்குத் தலைவாரும் கொம்புச் சீப்பையும் அதில்தான் போட்டிருந்தார்கள். கொம்பு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும். "அம்மா எங்க?" என்று கேட்டதற்கு, "வந்துருவா" என்றார்கள்.

அப்பா அப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையில் சேர்ந்து, உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். இன்றைக்குப் புக்கிட் பெருந்துங் என்று வீடும் தொழிற்சாலையுமாக நிற்கிறதே, அந்தப் பக்கம். அன்றைக்கு அங்கே பால்மரமும் பயமும்தான். பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே என்னைப் பெரியப்பா பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். பெரியம்மாவுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. தவழ ஆரம்பித்திருந்த பெண்குழந்தை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அந்தக் கனம் எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் காலையில் பொதுக் குழாயில் வாய் கொப்பளித்துத் துப்பினேன். சிமெண்டுத் தரையில் விழுந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். வெறும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது.

பெரியம்மா குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"எத்தன நாளா வருது?"

"தெரியல பெரியம்மா."

"இருமுறியா?"

எனக்குச் சளி இருந்தது. ஆமாம் என்றேன்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் கூட்டிப்போனார்கள். அவர் குழாயை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கைப் பார்த்தவர் அதைச் சுற்றி இருந்ததைப் பார்க்கவில்லை. "தாய்க்கு இருக்கு. நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும். இப்ப ரோடு சரியில்ல, போன வாரம்கூட லோரிய சுட்டுட்டானுங்க. அதுவரைக்கும் தனியா வச்சிருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தை இருக்கிற வீடு. அவர் அப்படித்தான் சொல்லியிருக்க முடியும்.

அன்றிலிருந்து எனக்கென்று எனாமல் பூச்சுப் போட்ட ஒரு மங்குத் தட்டு, ஒரு மங்குக் குவளை. நீல விளிம்பு, ஒரு பக்கம் பூச்சு உதிர்ந்து கறுத்திருக்கும். சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்குகிற சாய்ப்பில் பாய் போட்டார்கள். அங்கே பச்சை ரப்பர் விறகின் புளித்த வாடை எப்போதும் இருக்கும். சாப்பாட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் பெரியம்மா நகர்ந்துபோவார். நான் எடுத்துக்கொள்வேன். குழந்தை என்னைப் பார்த்ததும் வேகமாகத் தவழ்ந்து வரும். பாதி வழியில் யாராவது தூக்கிவிடுவார்கள். அது அழும். கொஞ்ச நாளில் என்னைப் பார்த்தாலும் வருவதை விட்டுவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கடைசிப் பெஞ்சில், ஜன்னலோரமாகத் தனியாக உட்காரவைத்தார். "காத்து நல்லா வரும்மா, உனக்கு நல்லது" என்றார். என் சிலேட்டை அவர் தொடுவதில்லை; தூக்கிக் காட்டச் சொல்லி அங்கிருந்தே பார்ப்பார். உங்களில் ஒருத்தி மட்டும் ஒருநாள் ஒரு ரப்பர் விதையை உருட்டிவிட்டாள், என் கால் பக்கம். திருப்பி உருட்டினேன். அவளுக்கு அடி விழுந்தது. பிறகு அவளும் செய்யவில்லை.

பெரியம்மா கெட்டவர் இல்லை. சாகப்போகிற பிள்ளை என்று நினைத்துவிட்டார். சத்து வேண்டும் என்று எனக்கு மட்டும் டின் பால் கூடுதலாக ஊற்றித் தேத்தண்ணி போடுவார். பிஸ்கட்டை அதில் ஊறவைத்துக் கொடுப்பார். கடித்துத் தின்னுகிற எதையும் கொடுக்க மாட்டார், களைத்துப்போவேன் என்று. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதைப் பார்த்துவிட்டு, "தேய்க்காத புள்ள. தேய்ச்சாத்தான் வருது. சும்மா தண்ணி ஊத்திக் கொப்பளிச்சிரு" என்றார். அதற்கு முன் அடுப்புக் கரியைத் தூளாக்கி விரலால் தேய்ப்போம், உப்பு கிடைத்தால் கலந்துகொள்வோம். அதையும் நிறுத்தினேன். பல்லின்மேல் ஒரு வழவழப்பு ஏறியது. நாக்கால் தடவினால் பாசி பிடித்த கல் மாதிரி இருக்கும். ஈறு பழுத்த ஜம்புக்காய் போலச் சிவந்து வீங்கி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றது. தூங்கி எழுந்தால் வாயில் இரும்புச் சுவை. மங்குக் குவளையில் வாய் வைத்து மூச்சு விட்டால் என் வாடை எனக்கே திரும்பி வரும். உள்ளே ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கும் நிச்சயமாகிவிட்டது.

அப்பா ஒருமுறை வந்தார். காக்கி உடை, தோளில் துப்பாக்கி. சாய்ப்பின் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. பெரியம்மா அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். "சாப்டியா?" என்று கேட்டார். "சாப்டேன்" என்றேன். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னை வெறுத்துவிட்டார் என்று அன்று நினைத்தேன். மனைவியையும் பிள்ளையையும் ஒரே வருஷத்தில் இழக்கப்போகிறோம் என்று நம்பிய மனிதர் எப்படி நிற்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒருநாள் பெரியப்பா உள்ளே பேசுவது சாய்ப்புக்குக் கேட்டது. "படத்துல இருந்துச்சுன்னா வேற வழியில்ல. அவளையும் கிள்ளான்லதான் சேக்கணும். அவ அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவ அம்மாகிட்டயே. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ரத்தம் வருவது எனக்குப் பயமாக இல்லை. காலையில் துப்பிவிட்டு, சிவப்பாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். இருந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்றால் தொடக்கூடாது என்று யார் சொல்ல முடியும்?

மழை விட்ட ஒரு காலையில் பல் மிஸ்ஸி வந்தார். அப்படி ஒருவர் வருவார் என்றே நமக்குத் தெரியாது. ஒரு வேன், அதற்கு முன்னால் துப்பாக்கிக்காரர்களோடு ஒரு லோரி. வெள்ளைக் கவுன் போட்ட இளம் பெண் இறங்கினார். துரைசானிதான் வருகிறாள் என்று எழுந்து நின்றோம். வாயைத் திறந்தால் நம் தமிழ். ஜெராம் பக்கத்து ஒரு தோட்டத்தில் பிறந்த கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண். பினாங்குக்குப் போய்ப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற வேலைக்கு வந்திருந்தார். மடக்கு நாற்காலி ஒன்றை விரித்தார்கள். காலால் மிதித்துச் சுழற்றுகிற ஒரு மெஷினை இறக்கினார்கள். கிராம்பு எண்ணெய் வாசனை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. உங்களில் எத்தனை பேர் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினீர்கள் என்று நான் சொல்ல வேண்டாம்.

என் முறை வந்தபோது வாத்தியார் தாழ்ந்த குரலில், "இந்தப் பிள்ளை வேணாம் மிஸ்ஸி. காசம் இருக்கும்னு சொல்றாங்க. ரத்தம் துப்புது" என்றார்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். பிறகு முகத்துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். "வா தங்கச்சி. பெருசா திற."

மாதக்கணக்கில் யாரும் தொடாத முகம் என்னுடையது. அவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். சிறிய வட்டக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பஞ்சை எடுத்து ஈறில் லேசாக ஒற்றினார். சிவந்துபோன பஞ்சை எடுத்து வாத்தியாருக்குக் காட்டினார்.

"சார், நான் தொட்ட இடத்துலேர்ந்துதான் வருது. நெஞ்சுலேர்ந்து இல்ல. ஈறு புண்ணாயிருக்கு. பல்லுல காரை கட்டிப்போயிருக்கு."

பெரியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வெட்டு வேலை முடிந்து, பால் வாடையோடு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து தூரத்தில் நின்றார்.

"பல்லு தேய்க்கிறாளா அக்கா?"

"ரத்தம் வருதுன்னு நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் நிறுத்திர்றாங்க. அழுக்கு ஈறுல தங்குறதாலதான் ரத்தமே வருது. மெதுவா, நல்லா தேய்ச்சா கொஞ்ச நாள்ல நின்னுரும். படுக்குறதுக்கு முன்னாடியும் தேய்க்கணும், ராத்திரிதான் அழுக்கு வேலை செய்யும். இனிப்புப் பாலும் பிஸ்கட்டும் கொடுக்குறத கொறச்சிருங்க. ஏதாச்சும் கீரை, காய், பழம் கிடைக்குமான்னு பாருங்க."

பெரியம்மா தலையாட்டினார். மிஸ்ஸி ஒரு சின்ன வளைந்த கம்பியால் என் பல்லில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டினார். மண்டைக்குள் கல் உடைக்கிற சத்தம். மஞ்சள் செதில்களாக விழுந்தன. முடித்துவிட்டு, "உனக்கு ஒன்னுமில்ல தங்கச்சி. பயப்படாத. வெறும் ஈறுதான்" என்று சிரித்தார்.

நான் அழ ஆரம்பித்தேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சந்தோஷத்துல அழுவுது" என்றார் வாத்தியார். எல்லாரும் அதை நம்பினார்கள். எனக்கு அம்மாவின் பக்கத்துக் கட்டில் போய்விட்டது.

மிஸ்ஸி எனக்கு ஒரு பிரஷ் கொடுத்தார். சிவப்புப் பிடி, வெள்ளை நார். நம் லயத்தில் அதுதான் முதல் பிரஷ் என்று நினைக்கிறேன். ஒரு வட்ட டின்னில் ரோஸ் நிறப் பல்பொடி. ஈறும் பல்லும் சேர்கிற இடத்தில் பிரஷைச் சாய்த்துவைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அறுபது எழுபது வருஷமாக அப்படித்தான் தேய்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா பெரியப்பாவிடம், "அவ பல்லு பாக்குறவ. நெஞ்சப் பாக்குறவளா? படம் எடுக்குற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்றார். தட்டும் சாய்ப்பும் அப்படியே இருந்தன. அது எனக்கு நல்லதாகப் பட்டது. இன்னும் கதவு முழுசாக மூடவில்லை. ரத்தம் மட்டும் நிற்காமல் இருந்தால் போதும்.

பிரஷை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, சாய்ப்பில் உட்கார்ந்து ஈறைக் குத்தினேன். முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது. பழகிவிட்டது. காலையில் பெரியம்மா பார்க்கிற நேரமாகப் பார்த்துத் துப்புவேன். முன்னைவிடச் சிவப்பாக இருக்கும். "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று அவர் பெரியப்பாவிடம் சொல்வார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியது. சோறு மெல்ல முடியாமல் விழுங்கினேன். காய்ச்சல் வந்தது. நோய் முற்றுகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கிள்ளான் கிட்டே வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மிஸ்ஸி சொன்னபடியே மறுபடி வந்தார். நிரப்பிய பல்லையெல்லாம் சரிபார்க்க வந்தவர், என் பெயரை அவராகவே கேட்டுக் கூப்பிட்டார். வாயைத் திறந்ததும் அவர் கை நின்றுவிட்டது. வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பச் சொன்னார்.

"இது பல் தேய்க்காததால வந்த புண் இல்ல. யாரோ குத்தியிருக்காங்க. யாரு செஞ்சா?"

நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியம்மாவா?"

இல்லை என்று வேகமாகத் தலையாட்டினேன். அவர்மேல் பழி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. "நான்தான்" என்றேன்.

"ஏன்மா?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ரத்தம் வந்தால் கிள்ளானுக்கு அனுப்புவார்கள், அங்கே அம்மா இருக்கிறாள் என்றேன். இரண்டு வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் எனக்கே அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது.

மிஸ்ஸி முகத்துணியை அவிழ்த்தார். எனக்கு எதிரே, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே நீங்கள் எல்லாரும் கத்தி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மாவ கடைசியா எப்ப பாத்த?" என்று கேட்டார்.

"போறப்ப பாக்கல."

அவர் என் புண்ணுக்கு ஊதா நிற மருந்து தடவினார். கை மெதுவாக இருந்தது. பிறகு சொன்னார்: "நெஞ்சுப் படம் எடுக்கணும்னு டிரஸ்ஸர் சொன்னாருல்ல, அத எடுத்தாத்தான் உங்க வீட்டுல நம்புவாங்க. அது கிள்ளான்லதான் எடுக்கணும். நான் உங்க பெரியப்பாகிட்ட பேசுறேன். ஆனா இந்தப் புண்ணோட கூட்டிட்டுப் போக மாட்டேன். அங்க உன் அம்மா உன்னப் பாத்தா மொதல்ல முகத்தத்தான் பாப்பாங்க. வீங்கின வாயோட போய் நிப்பியா? படுத்துக்கிடக்குறவங்களுக்கு அது எப்படி இருக்கும்?"

நான் அதை யோசித்ததே இல்லை. நான் அங்கே போவதை மட்டும்தான் நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்ப்பாள் என்பதை நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் விறகுக்குப் பின்னாலிருந்து பிரஷை எடுத்தேன். எறும்பு ஏறியிருந்தது. கழுவினேன். புண்ணில் பட்டபோது உயிர் போனது. விடவில்லை. காலையில், சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன், வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளிப்பது வேறு. அந்த உப்பைக் கொடுத்தது பெரியம்மாதான். அளவாகக் கிடைத்த உப்பில் ஒரு சிறங்கை எடுத்துச் சிரட்டையில் வைத்துவிட்டுப் போவார். பெரியப்பா வெட்டு முடிந்து வரும் வழியில், பழைய லயத்து எலுமிச்சையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவர முயன்று கேட்டில் பிடிபட்டார். உள்ளே கொண்டுவருவதற்குத் தடையில்லை என்று காவல்காரர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாராம். அதன் பிறகு எலுமிச்சையும் கீரையும் தாராளமாக வந்தன. அத்தனை மாதமும் யாரும் கேட்டுப் பார்க்காமலே இருந்திருக்கிறோம்.

மிஸ்ஸி சொன்னது நடந்தது. முதலில் வீக்கம் வடிந்தது. பிறகு துப்புகிற தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி ஓடியது. பிறகு அதுவும் இல்லை. ஈறு இறுகிப் பல்லைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் துப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். மனசு ஒருமாதிரி வெறுமையாக இருந்தது. ஆனாலும் மறுபடி துடைப்பத்தின் பக்கம் போகவில்லை.

ரோடு கொஞ்சம் அமைதியானதும், ஊரடங்கு விலகிய ஒரு காலையில் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு லோரியில் கோலா சிலாங்கூருக்குப் போனார். கேட்டில் என் பையைச் சோதித்தார்கள். பல்பொடி டின்னைத் திறந்த காவல்காரர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளை எதற்குப் பல்பொடி கொண்டுபோகிறது என்று கேட்டார். "அவளக் கேளுங்க, எனக்கும் தெரியாது" என்றார் பெரியப்பா. பஸ் நிலையத்தில் மிஸ்ஸி காத்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. வெள்ளைக் கவுன் இல்லை, பூப்போட்ட சட்டை. அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஜெராமைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் கருவாட்டு வாடை நிறைந்தது. கடல் தெரியுமா என்று எட்டிப் பார்த்தேன். தென்னை மரம்தான் தெரிந்தது.

கிள்ளானில் குளிர்ந்த தகட்டில் நெஞ்சை அழுத்தி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். வெகுநேரம் காத்திருந்தோம். டாக்டர் வந்து மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி பெரியப்பாவின் பக்கம் திரும்பி, "சுத்தமா இருக்கு அண்ணே. ஒன்னுமில்ல" என்றார். பெரியப்பா சுவரோரம் போய் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு வந்து என் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை; அப்படியே வைத்துக்கொண்டு நடந்தார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் பெரியம்மா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, சாய்ப்பிலிருந்த பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தார். நீங்களும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தீர்கள். அப்பாவும் வந்தார், அந்தமுறை வாசலில் நிற்கவில்லை. ஆனால் அம்மா அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் அவளைப் பார்த்தது, படம் எடுத்த அந்த நாளில் மட்டும்தான்.

பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். மிஸ்ஸி யார் யாரிடமோ பேசினார். வார்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதன் நடுவில் செம்பருத்தி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நில், தாண்டக் கூடாது என்றார்கள். நான் அதற்கு முன்னால் அங்கிருந்த குழாயடிக்கு ஓடி, பையிலிருந்த பிரஷை எடுத்துத் தேய்த்தேன். பெரியப்பா "இப்பப் போயியா?" என்றார். மிஸ்ஸி அவரைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினார். கொப்பளித்தேன், வாயைத் துடைத்துக்கொண்டேன், வேலியோரம் போய் நின்றேன்.

அம்மாவை ஒரு நர்ஸ் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வராந்தாவின் படியில் உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரி உடையில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். அவள் முடியை வெட்டியிருந்தார்கள். எங்கள் நடுவில் புல்வெளி முழுக்க வெயில். நான் "அம்மா" என்றேன். குரல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவள் கையைத் தூக்கினாள், கீழே போட்டாள். பேசினால் இருமல் வரும் என்று நர்ஸ் சொல்லியிருப்பாள். மிஸ்ஸி வேலியைச் சுற்றிப் போய், அவளிடம் குனிந்து கொஞ்ச நேரம் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு என்னை நோக்கித் தன் வாயைத் தொட்டுக்காட்டினாள். திற என்று கைஜாடை செய்தாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தேன். வெயில் உள்ளே விழட்டும் என்று தலையைப் பின்னால் சாய்த்தேன். அத்தனை தூரத்திலிருந்து அவளுக்கு ஒரு பல்கூடத் தெரிந்திருக்காது. அவள் முன்னால் குனிந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தாள். தாடை வலித்தது. நான் மூடவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் அம்மா. "எல்லாம் நல்லாருக்கு."